எவ்வுள் முதல் பத்ரி வரை

தொண்டை நாட்டுத் திவ்யதேசங்களுள் திருவள்ளூருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இத்தலத்தின் பழம்பெயரே வழிநடந்து களைத்த ஒரு முதியவரின் கேள்வியிலிருந்து பிறந்தது. சாலிஹோத்திர முனிவர் ஓராண்டு உண்ணாநோன்பு இருந்து, தை அமாவாசையன்று விருந்தினர் ஒருவருக்கு அமுது படைத்தபின் தாம் உண்ணலாம் என்று காத்திருந்தார். முதிய அந்தணர் ஒருவர் பசியோடு வந்தார். தமக்கு இட்டதை உண்டும் பசி தீரவில்லை என்றார். முனிவர் தம் பங்கையும் மனமுவந்து அளித்துவிட்டு, மீண்டும் ஓராண்டு நோன்பைத் தொடங்கினார். மறு தை அமாவாசையிலும் அதே முதியவர் வந்தார், உண்டார், பின், களைப்பாக இருக்கிறது, படுத்துறங்க எவ்வுள் என்று கேட்டார். எந்த அறை என்பது அதன் பொருள். முனிவர் தம் குடிலைக் காட்டினார். அங்கே பள்ளிகொண்டவர் திருமாலே என்பது தலவரலாறு. அதனால் ஊர் திருஎவ்வுள் ஆயிற்று. சாலிஹோத்திரரின் தலைமீது திருக்கரம் வைத்துச் சயனித்த கோலத்தில் வைத்திய வீரராகவப் பெருமாள் இன்றும் சேவை சாதிக்கிறார்.

நோய் தீர வேண்டி வரும் அன்பர்கள் இங்குள்ள திருக்குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. உள்ளத்தின் தாபத்தைத் தணிப்பது என்று அதற்குப் பொருள் கூறுவர். வெயிலுக்குப் பெயர்பெற்ற இந்த மண்ணில், தாபம் தீர்க்கும் தீர்த்தம் அமைந்தது பொருத்தமே.

திருஎவ்வுளைப் பாடிய ஆழ்வார்களுள் திருமங்கையாழ்வாரும் ஒருவர். அவரே பனிமலை மீதுள்ள பத்ரிகாச்ரமத்தையும் பாடியிருக்கிறார். பெரிய திருமொழியில் இரண்டு தலங்களுக்கும் பதிகங்கள் உள்ளன. திருஎவ்வுளைச் சேவித்த கையோடு பத்ரியையும் ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்னும் ஆசை, இந்தப் பகுதியின் முதியோர் பலருக்கு நெடுநாளைய கனவு. அந்தக் கனவுக்கு அண்மைக்காலத்தில் ஒரு புதிய வாகனம் கிடைத்திருக்கிறது. படுக்கை, அடுப்பு, சிறு குளிர்பெட்டி, கழிப்பறை ஆகியவற்றை உள்ளே அமைத்துக்கொண்ட வீட்டு வண்டி அது. திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பில் பயன்படுத்தும் கேரவன் என்றால் எளிதில் விளங்கும். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளுக்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையையே அறிவித்தது. மூட்டுவலியும் சர்க்கரை நோயும் உள்ள பெரியோருக்கு, ஊர்தோறும் விடுதி தேடும் அலைச்சல் இதனால் குறைகிறது. எவ்வுள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை; உறங்கும் அறை கூடவே வருகிறது.

ஆயினும் அந்த அறைக்குள் விளக்கு எரியவும், மருந்து கெடாதிருக்கவும், இரவில் மூச்சுக்கருவி இயங்கவும் ஒரு பேட்டரி வேண்டும். வெயில் நாட்டில் குறைவின்றி உழைக்கும் அந்தப் பேட்டரிக்குப் பனி நாட்டில் ஓர் ஆபத்து உண்டு. அதைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.

வடக்கே போகும் பாதை

சென்னையிலிருந்து காசிக்குச் செல்லும் யாத்திரைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு மிகப் பழையது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராஸ்வாமி, 1830-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, ஐதராபாத், நாகபுரி வழியாகச் சென்று, காசி, கயை, பூரி முதலிய தலங்களைத் தரிசித்து, கிழக்குக் கடலோரமாக நெல்லூர் வழியே 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைக் குறிப்பு இன்றும் போற்றப்படுகிறது. பல்லக்கும் மாட்டுவண்டியுமாகச் சென்ற அந்நாளில், யாத்திரையின் பாதி வேலை புறப்படும் முன்பே முடிந்துவிட வேண்டும். அரிசி, மருந்து, கம்பளி, ஆள் என எல்லாம் இங்கேயே ஆயத்தமாக வேண்டும். வீட்டு வண்டிக்கும் அந்த விதி மாறவில்லை.

திருவள்ளூரிலிருந்து வடக்கே பூண்டி சாலையில் சென்றால், 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி நீர்த்தேக்கம் வருகிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே அமைந்தது அது. அதன் கரையருகே ஊன்றீஸ்வரர் திருக்கோயில் உள்ளது. பழைய திருவெண்பாக்கம் நீருக்குள் மூழ்கியதால், கோயில் பூண்டிக்கு மாற்றி அமைக்கப்பட்டது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டுப் பார்வை இழந்த சுந்தரமூர்த்தி நாயனார், தட்டுத்தடுமாறி இத்தலத்துக்கு வந்தபோது, ஈசன் உடனே கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைக்கும்வரை அந்தக் கோலே அவருக்குத் துணை. வழித்துணையின் அருமையை முதியோருக்கு இத்தலத்தைவிட நன்றாக எடுத்துச் சொல்லும் தலம் வேறில்லை.

அங்கிருந்து ஊத்துக்கோட்டையை அடைந்து, எல்லையைச் சிறிது தாண்டினால் ஆந்திர மாநிலச் சுருட்டப்பள்ளி. ஆலகால விடத்தை உண்ட களைப்பில், அம்பிகையின் மடியில் தலைசாய்த்துச் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தை இங்கே காணலாம். பெருமாள் சயனித்த தலமும் ஈசன் சயனித்த தலமும் ஒரே நாள் பயணத்தில் அமைவது அரிய பேறு.

ஊத்துக்கோட்டையிலிருந்து கிழக்கே திரும்பினால் காட்சி மாறுகிறது. சென்னையின் குடிநீருக்காக 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் ஒருபுறம். தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகமும் அங்குள்ள மிஷெலின் டயர் தொழிற்சாலையும் மறுபுறம். அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி. இரும்பை மின்சாரத்தால் உருக்கிக் கட்டடக் கம்பிகளாக்கும் உலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த தொழில்நகரம் அது. திருவள்ளூர்ப் பக்கமோ வண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார்கள் உருவான இவ்வூர் ஆலையில், சிட்ரோயன் நிறுவனத்தின் மின்சாரக் காரும் 2023 முதல் தயாராகி வெளிவந்திருக்கிறது. 29.2 கிலோவாட்-மணி ஆற்றலைத் தேக்கும் அந்தக் காரின் பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையைச் சேர்ந்தது. வீட்டு வண்டிகளின் உள்ளறைக்குப் பெரும்பாலும் பொருத்தப்படுவதும் இதே வகைதான்.

இந்த வகையின் பிறப்பில் பாரத நாட்டவருக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் என்னும் பேரறிஞரும், அவருடன் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகிய ஆய்வாளர்களும் இணைந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு வித்து. லித்தியம் பேட்டரிப் பணிக்காகக் குடினஃப் 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 97. முதுமை செயலுக்குத் தடையன்று என்பதற்கு அவரே ஒரு சான்று.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து சிறிது உள்ளே சிறுவாபுரி அமைந்துள்ளது. அருணகிரிநாதர் பாடிய பாலசுப்பிரமணிய சுவாமி அருள்பாலிக்கும் தலம். சொந்த வீடு வேண்டுவோர் செவ்வாய்க்கிழமைகளில் இங்கே திரள்கின்றனர். வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவர்கள் இம்முருகனை வணங்கிவிட்டுக் கிளம்புவதும் பொருத்தமே. இதற்கப்பால் ஆரம்பாக்கத்தோடு தமிழக எல்லை முடிகிறது. அங்கிருந்து பத்ரிக்கு 2,500 கிலோமீட்டருக்கும் மேல்.

இரண்டாவது பேட்டரி

வீட்டு வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று என்ஜினைக் கிளப்புவது. மற்றொன்று தங்கும் அறைக்கு ஒளியும் ஆற்றலும் தருவது. இந்த இரண்டாவது பேட்டரியே முதியோரின் ஊன்றுகோல்.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 1,280 வாட்-மணி ஆற்றல் அதில் இருக்கும். உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர் அணியும் சி-பாப் கருவி சுமார் 30 முதல் 60 வாட் வரை எடுக்கும். எட்டு மணி நேர உறக்கத்துக்கு ஒரே பேட்டரி தாராளமாகப் போதும். ஆனால் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் பிராணவாயு தரும் வீட்டுக் கருவி சுமார் 350 வாட் எடுக்கும். அதே பேட்டரி அதை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே இயக்கும். ஆகவே பிராணவாயு தேவைப்படுவோர் மருத்துவரின் சம்மதம் பெற்ற பிறகே உயரமான தலங்களுக்குச் செல்ல வேண்டும். சென்றாலும், பேட்டரியை மட்டும் நம்பாமல் சிலிண்டரையும் உடன் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் பயன்படுத்துவோருக்கும் ஓர் எச்சரிக்கை: கெடாமலிருக்கக் குளிர் வேண்டும், உறைந்துவிட்டாலோ அம்மருந்து பயனற்றது. பனிமலையில் அதைக் குளிரிலிருந்தே காக்க வேண்டிவரும்.

குளிர் என்ன செய்கிறது?

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ச் சீசா உறைந்து நிற்பதைக் காணாத வீடு இல்லை. எண்ணெய் கெட்டுவிடவில்லை, அதன் ஓட்டம் நின்றுவிட்டது. பேட்டரிக்குள் உள்ள திரவமும் குளிரில் இதுபோலவே மந்தப்படுகிறது. மின்சாரத்தைச் சுமந்து செல்லும் லித்தியம் துகள்கள் மெதுவாக நகர்கின்றன. அதனால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில், பேட்டரி தரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறையலாம். இது பெரிய தீங்கன்று. வெப்பம் திரும்பியதும் பழைய நிலை வந்துவிடும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி வரையிலும்கூட இவ்வகைப் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றே தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றனர்.

தீங்கு விளைவது எடுக்கும்போதன்று, நிரப்பும்போது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. இதன் காரணத்தை அமாவாசையன்று கோயில் வாசலில் நிற்கும் வரிசையைக் கொண்டு விளக்கலாம். பேட்டரியின் ஒரு பக்கத்தில் காரீயக் கரி அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் துகள்கள் அந்த அடுக்குகளுக்கு இடையே புகுந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் அமர வேண்டும். ஒவ்வொரு துகளும் எவ்வுள் என்று கேட்டு வருவதாகக் கொள்ளலாம். வெப்பமான நாளில் கதவு திறந்திருக்கிறது. வரிசை தடையின்றி உள்ளே நகர்கிறது. கடுங்குளிரில் உள்ளே செல்லும் வேகம் குறைந்துவிடுகிறது. ஆனால் சார்ஜர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போக முடியாத துகள்கள் வாசலிலேயே உலோகப் படலமாகப் படிந்துவிடுகின்றன. படிந்தவற்றுள் ஒரு பகுதி பிறகு வேலைக்கு வருவதில்லை. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். படிவு வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கே பாயும் அபாயமும் உண்டு. வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது என்பதே இதன் கொடுமை.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். வண்டியின் கூரையில் சூரிய ஒளித்தகடு இருந்தால், பொழுது புலர்ந்ததும் அது தானாகவே சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். பனிமலையில் விடியற்காலையே மிகக் குளிர்ந்த வேளை. இரவெல்லாம் குளிர்ந்த பேட்டரி, வெளியே வெயில் அடித்த பிறகும் பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். எல்லோரும் உறங்கும்போதோ கோயில் வரிசையில் நிற்கும்போதோ, யாரும் அறியாமல் தீங்கு நேர்வது இப்படித்தான்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வண்டியை அமைப்பவர்களின் கவலை வெப்பத்தைப் பற்றியது. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய வண்டிக்குள் கொதிப்பு தாங்காது. எனவே பேட்டரியை வண்டியின் அடிப்பகுதியில், வெளிக்காற்று படும் இரும்புப் பெட்டிக்குள் வைப்பதுண்டு. நம் ஊருக்கு அது நல்ல யோசனை. அதே பெட்டி பத்ரியில் பனிக்காற்று நேரே மோதும் இடமாகிவிடும். ஆகவே மலை யாத்திரைக்கென அமைக்கும் வண்டியில், பேட்டரி தங்கும் அறைக்குள், கட்டிலின் அடியில் இருப்பதே ஏற்றது. மனிதர் உறங்கும் அறையின் வெதுவெதுப்பு அதற்கும் கிடைக்கும். வெறும் இரும்புத் தளத்தின்மேல் வைக்காமல், அடியில் கனமான மரப்பலகையோ குளிர்தடுக்கும் அட்டையோ இட வேண்டும். நான்கு பக்கமும் அதுபோலவே காப்பிட்டு, கம்பிகள் வரும் வழியையும் காற்றோட்டத்துக்கான இடைவெளியையும் விட்டுவைக்க வேண்டும்.

பேட்டரி வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது அவசியம். முதலாவது, அதனுள் இருக்கும் காவல் சுற்று குளிர்மிகும்போது சார்ஜைத் தானே நிறுத்துமா? அதிக வெப்பத்திலும் அதிக மின்னழுத்தத்திலும் நிறுத்தும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. குளிர்க் காவல் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் எவரும் அதைக் கேட்பதில்லை என்பதால் விற்பவரும் சொல்வதில்லை. இரண்டாவது, தானே சூடேற்றிக்கொள்ளும் தகடு உள்ளே உண்டா? இருந்தால், வரும் மின்சாரம் முதலில் அத்தகட்டுக்குச் சென்று, பேட்டரி ஐந்து டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான பிறகே சார்ஜ் ஏறத் தொடங்கும். மூன்றாவது, பேட்டரியின் வெப்பநிலையைக் கைப்பேசியிலோ சிறு திரையிலோ பார்க்க முடியுமா? வெளிக்காற்றின் குளிரும் பேட்டரியின் குளிரும் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது பேட்டரியின் குளிரையே.

பழைய ஈய அமிலப் பேட்டரி இருந்தால் இக்கவலை இல்லையே என்று சிலர் எண்ணக்கூடும். அது குளிரிலும் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எடை மிகுதி. பாதிக்கு மேல் பயன்படுத்தினால் ஆயுள் குறையும். சார்ஜ் தீர்ந்த நிலையில் கடுங்குளிரில் விட்டால் உள்ளிருக்கும் நீர் உறைந்து வெடித்துவிடவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு காப்பு.

இவற்றையெல்லாம் பத்ரிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் உதகையின் தலைக்குந்தா, அவலாஞ்சிப் பகுதிகளில் புல்வெளி வெண்மையாக உறைபனி போர்த்து நிற்கும். அங்கே ஓரிரவு தங்கினால் வண்டியின் குறைகள் தெரிந்துவிடும். பெரிய யாத்திரைக்கு அது நல்லதோர் ஒத்திகை.

பனிமலையில்

பத்ரிநாத் 10,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. திருக்கோயில் சித்திரை, வைகாசி வாக்கில் திறந்து, ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மூடப்படுகிறது. திறந்த சில நாள்களிலும் மூடுவதற்கு முந்தைய வாரங்களிலும் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்குவதுண்டு. வண்டியிலேயே தங்குவோர் அந்த இரவுகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏற்ற உகந்த நேரம் மாலை. பகலெல்லாம் வண்டி ஓடி, அறையும் பேட்டரியும் வெதுவெதுப்பாக இருக்கும் வேளையில், என்ஜின் தரும் மின்சாரத்தைக் கொண்டே நிரப்பிக்கொள்ளலாம். ஓடும்போது சார்ஜ் ஏற்ற, இடையில் அதற்குரிய டி.சி. சார்ஜர் ஒன்றைப் பொருத்துவது நல்லது. நேரடிக் கம்பி கூடாது. இரவு படுக்குமுன் கூரைத் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுநாள் பேட்டரி வெதுவெதுப்பான பிறகு இணைக்க வேண்டும். குளிர்க் காவல் உள்ள பேட்டரிக்கு இது தேவையில்லை என்றாலும், செய்வதால் கேடில்லை. பூஜ்ஜியத்துக்கு மேல் பத்து டிகிரிக்குள் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினாலும், 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சுமார் 10 ஆம்பியர் என்ற அளவில் மெதுவாக ஏற்றுவதே உசிதம்.

காலையில் பேட்டரி சார்ஜ் ஏற்க மறுத்தால் பதற வேண்டியதில்லை. காவல் சுற்று தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். அந்த வேளையில் அவசரப்பட்டுக் காவல் சுற்றை விலக்கி நேரே கம்பி இணைத்துத் தரும் கைவேலைக்கு இடங்கொடுக்கக் கூடாது. அறையைச் சூடாக்கி, வண்டியைச் சிறிது தூரம் கீழே ஓட்டி, பேட்டரி தானே இளகும்வரை பொறுத்திருப்பதே வழி.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பேட்டரிக்காகவோ தமக்காகவோ, மூடிய வண்டிக்குள் கரியடுப்பு மூட்டுவது, அடுப்பை எரியவிட்டு உறங்குவது ஆகியவை உயிருக்கே உலை வைப்பவை. அதிலிருந்து எழும் கரிப்புகை வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சூடு வேண்டுவோர் புகையை வெளியே கழிக்கும் முறையான வண்டிச் சூட்டுக்கருவியையே பயன்படுத்த வேண்டும்; அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றும் அறையில் இருக்க வேண்டும். இந்த வசதிகள் இல்லாதோர் வண்டியைத் தாழ்வான ஊரில் நிறுத்திவிட்டு, மேலே விடுதியில் தங்குவதே அறிவுடைமை. முதியோர் ஒரே நாளில் உயரம் ஏறாமல், இடையில் ஜோஷிமட் போன்ற இடத்தில் ஓரிரவு தங்கிச் செல்வது உடலுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது.

கம்பளி போர்த்திய பெருமான்

இந்த விதிகளெல்லாம் புதுமையானவை போலத் தோன்றினாலும், பத்ரியின் வழிபாட்டு மரபு இவற்றைப் பன்னெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அங்கே திருக்கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் என்னும் வெந்நீர் ஊற்று பொங்குகிறது. அலகநந்தையின் நீரோ பனிக்கட்டியை ஒத்த குளிர்ச்சியுடையது. யாத்திரிகர்கள் முதலில் அந்த வெந்நீரில் நீராடி, உடல் வெதுவெதுப்பான பிறகே படியேறித் தரிசனம் செய்கின்றனர். திருஎவ்வுளின் தீர்த்தம் தாபத்தைத் தணிக்கிறது. பத்ரியின் தீர்த்தம் தாபத்தைத் தருகிறது. அந்தந்த மண்ணுக்கு வேண்டியதை அந்தந்தத் தீர்த்தம் அளிக்கிறது. முதலில் வெதுவெதுப்பு, பிறகே ஏற்றுக்கொள்ளல் என்ற முறை பேட்டரிக்கும் அப்படியே பொருந்துகிறது.

குளிர்காலத்துக்காக நடை சாத்தும் நாளில், அருகிலுள்ள மாணா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமானுக்குப் போர்த்துகின்றனர். ஆறு மாதம் கழித்து நடை திறக்கும்போது அக்கம்பளி பிரசாதமாக வழங்கப்படுகிறது. சாத்திய கதவுக்குள் ஏற்றிவைத்த அகண்ட தீபம் ஆறு மாதமும் அணையாதிருக்கும் என்பது ஐதீகம். உலகுக்கெல்லாம் வெப்பம் தரும் பெருமானுக்கே பக்தர்கள் கம்பளி போர்த்துகிறார்கள் என்றால், உறங்கும் முதியவரின் தலைமாட்டில் விளக்கெரிக்கும் பேட்டரிக்குப் போர்வையிடுவதில் நாணப்பட ஒன்றுமில்லை. குளிர் மிகும் காலத்தில் மலையில் பிடிவாதமாகத் தங்காமல், உற்சவ மூர்த்திகளும் சங்கரரின் ஆசனமும் பாண்டுகேஸ்வரம், ஜோஷிமட் ஆகிய கீழ்த்தலங்களுக்கு எழுந்தருளுவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. காலமறிந்து இறங்கி வருவதும் யாத்திரையின் ஓர் அங்கமே.

ஊர் திரும்பிய பிறகும் பேட்டரியை மறந்துவிடக் கூடாது. முழுதாக நிரப்பி வெயிலில் நிறுத்திவைத்தால், திருவள்ளூரின் கோடை அதன் ஆயுளைக் குறைக்கும். பாதியளவு சார்ஜுடன், இணைப்புகளைத் துண்டித்து, நிழலில் வைப்பதே சிறந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் பாதிக்கு நிரப்பினால் போதும். ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் எறியவோ பழைய இரும்புக் கடையில் போடவோ கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கிய இடத்திலேயே ஒப்படைக்கலாம்.

அமைவிடம்: திருவள்ளூர், சென்னைக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், அரக்கோணம் ரயில் பாதையில் உள்ளது. அமாவாசை நாள்களில் வீரராகவப் பெருமாள் கோயிலில் கூட்டம் மிகுதி. முதியோர் மற்ற நாள்களில் சேவிப்பது எளிது. கும்மிடிப்பூண்டிக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில்கள் உண்டு. சிறுவாபுரிக்குச் செவ்வாய் தவிர்த்த நாள்களில் சென்றால் நெரிசலின்றித் தரிசிக்கலாம். திருவள்ளூர், பூண்டி, சுருட்டப்பள்ளி, சிறுவாபுரி ஆகிய நான்கையும் காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் தரிசித்துத் திரும்பலாம். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால், அந்த வேளையைப் பூண்டி ஏரிக்கரையில் உணவுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்வது நலம்.